பவித்ராவை அனுப்புவதா, வேண்டாமா

அடுத்த வாரம் நீங்கள் ஆளுக்கு ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ ஆலோசகராகப் போகப்போகிறீர்கள். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, யாருக்கு அனுப்புவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுகிறேன். பிள்ளையை உறைவிடச் சிகிச்சைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதம் அது. நம் பக்கத்தில் அதை யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. “ஹாஸ்டல்ல விட்டுடலாமா மேடம்?” என்றுதான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே யாராவது ஒரு தாயும் தகப்பனும் உங்கள் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்பார்கள். அப்போது உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் இந்தக் கடித விஷயத்தில் இரண்டு தவறுகள் செய்தவள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான தவறுகள். முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையனை அழைத்துவந்தார்கள். பதினான்கு வயது. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம். புது ஊரில் அவன் போகிற இடமெல்லாம் அடிதடி. பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பெற்றோர் ஒரு விடுதிப் பள்ளியின் விளம்பரத் தாளைக் காட்டினார்கள். பளபளப்பான தாள். வரிசையாகப் பிள்ளைகள் யோகா செய்யும் படம். அன்று வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து அவன் வந்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி, எனக்கு வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மூன்றே வாரத்தில் மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. “மேடம், தண்ணி குடிக்கக்கூட என்கிட்ட வந்து கைய கட்டிக்கிட்டு நிக்கிறான். குடிடான்னு சொல்ற வரைக்கும் நிக்கிறான். எம்புள்ள ஏன் இப்படி ஆயிட்டான்?” என்றார். அந்த விடுதி எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் ஒன்பது வருடம் நான் யாருக்கும் அந்தக் கடிதம் கொடுக்கவில்லை. “அந்த மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க” என்று ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது தவறு அங்கேதான் தொடங்கியது.

பவித்ரா என்று அவளை அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. விருத்தாசலத்தில்தான் வீடு. அப்பா முருகவேல் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை செய்பவர். அம்மா செல்வி பக்கத்திலேயே இன்னொரு கூடத்தில் பொம்மைகளுக்குச் சாயம் பூசுபவர். கொலுவுக்கு இரண்டு மாதம் முன்பு அது, அவருடைய நகக்கண்களில் நீலமும் மஞ்சளும் ஒட்டியிருந்தன. பவித்ராவுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இனியா, ஆறு வயதுத் தங்கை.

பெற்றோர் உள்ளே வந்தார்கள். பவித்ரா வெளியே பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடமாக இப்படித்தான் என்று முருகவேல் சொன்னார். நாலு நாள் படுத்தே கிடப்பாள். ஐந்தாம் நாள் தூங்கவே மாட்டாள். சின்ன வார்த்தைக்குக் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். மூன்று முறை வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். பேசிக்கொண்டே மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் பிரித்தார். மலையடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளி. வேறு பெயர், வேறு ஊர். படத்தில் அதே வரிசை, அதே யோகா.

“ஒரு வருஷம் அடக்கி வச்சா சரியாயிடும்னு சொல்றாங்க மேடம். உங்க கடுதாசி மட்டும் இருந்தா போதும்.”

செல்வி நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை வரும் மனநல மருத்துவர் பவித்ராவைப் பார்த்தார். இது திமிர் அல்ல, மனநிலை ஏறி இறங்கும் ஒரு நோய், மாத்திரையால் கட்டுக்குள் வரும், ஆனால் நாள் பிடிக்கும் என்றார். வீட்டில் வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்பதை என் முடிவுக்கு விட்டார். நான் பழைய பாடத்தை மறக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு புதன்கிழமை பஸ் ஏறி அந்த விடுதியைப் பார்க்கப் போனேன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். போனால் சாதாரண நாளில் போங்கள், சொல்லாமல் போங்கள். மேலாளர் என்னை நன்றாகவே வரவேற்றார். தோட்டத்தைக் காட்டினார், வகுப்பறையைக் காட்டினார். ஒரு நடையில் இரும்பு பீரோ ஒன்று இருந்தது. உள்ளே என்ன என்றேன். பிள்ளைகளின் செருப்புகள், பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார். முள்ளும் கல்லும் நிறைந்த இடம் அது. செருப்பைப் பூட்டிவைத்தால் எந்தப் பிள்ளையும் தூரமாக ஓடாது. சாப்பாட்டு நேரத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளையுடன் தனியாகப் பேசலாமா என்றேன், விதியில் இடமில்லையாம். பெற்றோர் எப்போது வந்து பார்க்கலாம் என்றேன்; ஆறு மாதம் கழித்து. இங்கிருந்து வீடு திரும்பிய ஒரு குடும்பத்தோடு பேச முடியுமா என்று கேட்டதற்கு, டீ சாப்பிடுங்கள் என்றார்.

மறுநாளே முருகவேலை அழைத்துக் கையெழுத்துப் போட முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. “நீங்க ஒரு நாள் எங்க வூட்ல வந்து இருந்து பாருங்க மேடம், அப்புறம் சொல்லுங்க” என்றார். நான் அசரவில்லை. என்னிடம் வேறு திட்டம் இருந்தது. மாத்திரை தவறக்கூடாது. வாரா வாரம் பவித்ரா என்னிடம் வரவேண்டும். வீடு கொஞ்சம் அமைதியாகும்வரை இனியாவைப் பெண்ணாடத்தில் இருக்கும் அத்தை வீட்டில் விடலாம். பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சரி என்றார்கள். இனியாவின் பள்ளிப் பையையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு செல்வி அவளை பஸ்ஸில் கூட்டிப்போனார்.

ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சந்தேகமே வரவில்லை.

மூன்று வாரம் போனது. பவித்ரா வந்தாள், மாத்திரை வாங்கினாள், என் எதிரே உட்கார்ந்தாள், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள், போனாள். அவள் மெலிந்துகொண்டே வந்ததை நான் மாத்திரையின் விளைவு என்று எழுதிவைத்தேன்.

எங்கள் பிரிவில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். அதிகம் பேச மாட்டார். இந்த வேலையில் எனக்கு வழிகாட்டியது யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் மதியம் கூட்டம் குறைந்தபின் என் அறைக்கு வந்து நின்றார்.

“மேடம், அந்தப் பொண்ணுக்கு எங்க இருக்கணும்னு கேட்டீங்களா?”

அவளோடு நாலு தடவை பேசியாயிற்று என்றேன்.

“பேசினீங்க. இத கேட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. விடுதி எப்படி இருந்தது என்று நான் நேரில் போய்ப் பார்த்ததை நினைவுபடுத்தினேன். கம்மாபுரம் பையனைப் பற்றி எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன்.

“நீங்க இன்னும் அந்தப் பையனுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கீங்க மேடம். இது வேற புள்ள” என்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை யோசித்தேன். நல்ல பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதபோதுதான் அவர் சொன்னது சரி என்று புரிந்தது.

அடுத்த முறை பவித்ரா வந்தபோது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவள் அருகில் உட்கார்ந்தேன். எங்கே இருந்தால் நல்லது என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

“இனியாவ அனுப்பிட்டீங்க” என்றாள். “தப்பு பண்ணது நானு. அவ ஏன் வூட்ட வுட்டுப் போகணும்?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் வீட்டில் கதவு ஆடாமல் இருக்க அப்பா சூளையிலிருந்து கொண்டுவந்த கனமான பீங்கான் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருப்பார்கள். கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குமே, அந்த வகை. ஒருநாள் கோபத்தில் அதைத் தூக்கி எறிந்திருக்கிறாள். யார் மேலும் எறியவில்லை, சுவரில் எறிந்தாள். இனியா அந்தச் சுவரோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே சுவர் பெயர்ந்தது. பெற்றோர் இதை என்னிடம் மறைத்துவிட்டார்கள். “சாமான எறியறா” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் என்ன சாமான், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

“எங்கயாவது கொண்டு போயி வுடுங்க மேடம். நல்லா ஆனதும் வரேன்.”

மலையடிவாரத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். செருப்பைப் பூட்டுவார்கள், பேச விடமாட்டார்கள் என்றேன். “பரவால்ல” என்றாள். ஆறு மாதம் அம்மாவைப் பார்க்க முடியாது என்றேன். அதற்கும் பரவாயில்லை என்றாள்.

இங்கே நீங்கள் அவசரப்பட்டால் கெட்டுப்போகும். பிள்ளையே சம்மதித்துவிட்டாள் என்று கடிதத்தை எழுதிவிடத் தோன்றும். தன்னைக் குற்றவாளி என்று நினைக்கும் பிள்ளை எந்த இடத்துக்கும் தலையாட்டும். பவித்ரா தண்டனை கேட்கிறாளா, உதவி கேட்கிறாளா என்பதை நான் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. இரண்டும் கலந்திருந்தன. வீட்டைவிட்டுக் கொஞ்ச நாள் விலகியிருக்க வேண்டும் என்று அவள் சொன்னது சரி. எந்த இடமானாலும் சரி என்றதுதான் நோய்.

ஆகவே அவளிடம் சொன்னேன்: வேறு இடங்கள் இருக்கின்றன. நீ, அம்மா, நான், மூவரும் போய்ப் பார்ப்போம். கேள்வி கேட்க வேண்டியவள் நீ. என்ன கேட்பாய் என்று எழுதிக்கொண்டு வா. அடுத்த வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதிவந்தாள்.

முதலில் பார்த்த இடம் சரிவரவில்லை. இரண்டாவது, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு சிறிய இடம். பதினெட்டுப் பெண் பிள்ளைகள். தாழ்வாரத்தில் செருப்புகள் கண்டபடி கிடந்தன. எனக்கு அதைப் பார்த்ததும் பாதி பயம் போயிற்று. பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. பவித்ரா நோட்டைப் பிரித்தாள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க முடியும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு போன் பேசலாமா என்று கேட்டாள். தினமும் மாலையில் பேசலாம். மூன்றாவதைக் கேட்க அவளுக்கு நேரமாயிற்று.

“நான் எதாவது தூக்கி எறிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“பக்கத்துல இருக்குற புள்ளைங்கள மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போயிடுவோம். ஒருத்தர் உன்கூடவே இருப்போம். அடங்கினப்புறம் நீதான் பெருக்கணும்.”

“பூட்டி வைக்க மாட்டீங்களா?”

“மாட்டோம்மா.”

பவித்ரா நோட்டை மூடினாள். செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தில் நான்கு விஷயங்களை எழுதினேன்: நம் மருத்துவரின் மாத்திரையே தொடரவேண்டும், பெற்றோர் ஞாயிறுதோறும் பார்க்கவேண்டும், மாதம் ஒருமுறை நான் வருவேன், வீடு திரும்பும் மாதம் இப்போதே முடிவாகவேண்டும். திரும்பும் நாள் எழுதாத கடிதத்தை எப்போதும் கொடுக்காதீர்கள்.

அவள் போன வாரத்திலேயே இனியா பெண்ணாடத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முருகவேலுக்குத்தான் கடினமாக இருந்தது. அனுப்பிவிட்டால் ஒரு வருடம் நிம்மதி என்று நினைத்தவர். இப்போது ஞாயிறுதோறும் சூளை வேலையை யாரிடமாவது மாற்றிக்கொண்டு இரண்டு பஸ் ஏறவேண்டும். முதல் நான்கு ஞாயிறும் பவித்ரா அவரைப் பார்க்க வெளியே வரவில்லை. அவர் தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். ஐந்தாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் என் அறை வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வந்தா மேடம். ‘சாப்டியாப்பா’ன்னு கேட்டா” என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்கு விடுதியிலிருந்து போன். காலைச் சாப்பாட்டுக்குப்பின் பவித்ராவைக் காணவில்லை, கேட் வழியாக நடந்தே போயிருக்கிறாள், போலீசுக்கும் சொல்லிவிட்டோம் என்றார் பொறுப்பாளர். முருகவேலுக்கும் தகவல் போயிருந்தது. அடுத்த போன் அவருடையது. அப்பவே சொன்னேனே என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. “கெடைச்சா போதும் மேடம், வூட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம். இனிமே எங்கயும் வேணாம்” என்றார். சிஸ்டர் எனக்காகக் காத்திருந்த கூட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

பஸ் நிலையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பவித்ரா. இனியாவின் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கேட்டு வாங்கிய போன்.

“மேடம், அவள பாத்துட்டேன். இன்டர்வெல்லுக்கு வெளிய வந்தா. என்னைப் பாக்கல.”

அங்கேயே இருக்கச் சொல்லி ஆட்டோ பிடித்துப் போனேன். வழியிலேயே விடுதிக்கும் அவள் பெற்றோருக்கும் சொன்னேன். கடை ஓரத்தில் நின்றிருந்தாள், தலை வாரியிருந்தாள், அழவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. வீடு நடக்கிற தூரம். விடுதி இரண்டு பஸ். தப்பி வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் கம்மாபுரம் பையனுக்குச் செய்ததை இவளுக்கும் செய்வதாகுமோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளையே கேட்டேன். அங்கே யாராவது ஏதாவது செய்தார்களா? இல்லை என்றாள். நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். பின் ஏன் வந்தாய்?

“அவ தலைல அடிபட்டிருந்தா எப்படி இருக்கும்னு நெனப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. முழுசா இருக்காளான்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்துட்டேன். பசிக்குது மேடம்.”

பஸ் நிலையத்து ஓட்டலில் அவளோடு இட்லி சாப்பிட்டேன். முருகவேல் சட்டையெல்லாம் சுண்ணாம்பு நிறத் தூசியோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்கு வாம்மா என்று இரண்டு முறை சொன்னார். “கடுதாசில எழுதின மாசம் வரட்டும்ப்பா. நாலு மாசம்தான இருக்குது” என்றாள். மூவரும் பஸ் ஏறினோம். அவள் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் இறங்கும் வரை அசையவே இல்லை.

அதன்பின் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு முறை எறிந்தாள், இரண்டு முறை பெருக்கினாள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதினாள். இன்று அவள் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். மாத்திரை இன்னும் உண்டு. மோசமான வாரங்களும் உண்டு, அவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்கிறாள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அனுப்புவது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இந்தப் பிள்ளை, இந்த வீடு, இந்த இடம், இத்தனை நாள். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்துகொள்ள முடியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பேனாவை எடுக்காதீர்கள். தெரிந்தபின் எடுக்கத் தயங்காதீர்கள்.

அவள் வீடு திரும்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். நானும் கூடப் போயிருந்தேன். அம்மா, அப்பா, மருத்துவர், பொறுப்பாளர் என்று எல்லாரையும் கேட்டு முடிவுசெய்திருந்தேன். பவித்ராவைப் பலமுறை கேட்டிருந்தேன். ஆட்டோ வாசலில் நின்றதும் இனியா அக்காவைப் பார்த்தாள், உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ஏழு வயதாகியிருந்த அந்தக் குழந்தையை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்வி அவளை இழுத்துவரப் போனார். பவித்ரா தடுத்துவிட்டாள். பையை இறக்கிவைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். நானும் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்வி டீ போட்டுக் கொடுத்தார், குடித்தோம். ஒரு மணி நேரம் இருக்கும், இனியா மெல்ல வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனக்கு இப்பவும் கோவம் வருமா?”

“வரும்” என்றாள் பவித்ரா. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “வரப்போவுதுன்னா முன்னாடியே உன்கிட்ட சொல்லிடுவேன்.”

“சொன்னா நான் என்னா பண்ணணும்?”

“பக்கத்து வூட்டுக்குப் போயிடு.”

இனியா யோசித்தாள். “அங்க நாய் இருக்குது.”

இப்போது பவித்ரா யோசிக்கவேண்டியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

“அப்ப நீ வூட்லயே இரு” என்றாள். “நான் வெளிய போயிடறேன். அடங்கினப்புறம் கதவ தட்றேன்.”

இனியா அக்காவை நன்றாகப் பார்த்தாள். பிறகு கதவிலிருந்து கையை எடுத்து, அவள் உள்ளே வர ஒதுங்கி நின்றாள்.